பேராசை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது

பிட்காயின் என்ற பேச்சு எங்கள் தேனி வட்டாரத்துத் தேவதானப்பட்டியில் எங்கே அடிபட்டாலும் அடுத்து வருகிற வசனம் ஒன்றுதான்: "உழைக்காம சம்பாதிக்கணும்னு போனா இப்படித்தான் ஆகும்." பணத்தை இழந்தவர் தன் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. பணத்தை எங்கே வைத்திருந்தார், எந்த வழியில் போனது என்று கேட்பார் இல்லை. 'பேராசை பெருநஷ்டம்' என்ற பழமொழியோடு விசாரணை முடிந்துவிடுகிறது. டீக்கடையில் மட்டும் இப்படிப் பேசவில்லை. மேடையில் பேசுகிறவர்களும் பத்திரிகையில் எழுதுகிறவர்களும் இதே ராகத்தைத்தான் பாடுகிறார்கள். பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களில் பணம் விட்டவன் பேராசைக்காரன். ஆகவே அவனுக்குச் சொல்ல இருப்பது ஒரே அறிவுரை, 'கிட்டேயே போகாதே'.

இந்தக் கருத்தை நான் முழுமூச்சாக மறுக்கிறேன். பாதி இடங்களில் இது உண்மைக்குப் பொருந்தவில்லை. பொருந்துகிற இடத்திலும் இது யாரையும் காப்பாற்றவில்லை.

அதில் இருக்கும் நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். கெயின்பிட்காயின் என்ற திட்டம் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருவதாகச் சொல்லி நாடு முழுக்க ஆள் சேர்த்தது. 2018இல் அதை நடத்தியவர் கைதானார். பிறகு வழக்கு சிபிஐ வரை போனது. மாதம் 10 சதவீதம் என்று ஒருவன் சொல்லும்போதே எழுந்து போயிருக்க வேண்டும். நாணயத்தின் பெயர் எதுவாக இருந்தாலும், ஆள் சேர்த்தால் கமிஷன், குறித்த தேதியில் நிச்சய லாபம் என்ற இரண்டு வாக்குறுதிகள் ஒன்றாக வந்தால் அது மோசடித் திட்டம். இதில் எனக்கும் அந்தப் பழமொழிக்கும் சண்டை இல்லை.

ஆனால் 2024 ஜூலை 18 அன்று நடந்ததை அந்தப் பழமொழி எப்படி விளக்கும்? கிரிப்டோ வாங்கி விற்கும் தளங்களான எக்ஸ்சேஞ்சுகளில் நாட்டின் மிகப் பெரியவற்றில் ஒன்றான வாசிர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய், களவு போனது. வாடிக்கையாளர்கள் சொத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பணம் இருந்த வாலட்டுக்கு, அதாவது டிஜிட்டல் பெட்டகத்துக்கு, ஆறு சாவிகள். ஐந்து நிறுவனத்தின் கையில், ஒன்று பாதுகாப்புச் சேவை தந்த லிமினல் என்ற நிறுவனத்தின் கையில். திரையில் தெரிந்த பரிமாற்றம் ஒன்று, கையெழுத்தானது வேறொன்று என்று வாசிர்எக்ஸ் பிறகு சொன்னது. வடகொரியாவின் கைவரிசை இது என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் கூட்டாக அறிவித்தன. கணக்கு வைத்திருந்தவர்கள் பலரும் ஆதார், பான் எல்லாம் கொடுத்து, வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டி, சட்டப்படி வரி பிடிக்க விட்டு வாங்கி விற்றவர்கள். யாரும் அவர்களுக்கு மாதம் 10 சதவீதம் தருவதாகச் சொல்லவில்லை. ஒரே இரவில் அவர்கள் பணம் முடங்கியது. சிங்கப்பூர் உயர்நீதிமன்றத்தில் கடன் சீரமைப்பு முடிந்து தளம் மறுபடி திறக்க 2025 அக்டோபர் ஆகிவிட்டது. இதில் பேராசை எங்கே இருக்கிறது?

அதே வாசிர்எக்ஸில் கணக்கு வைத்திருந்த ஒரு பெண்ணின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் கொடுத்து அவர் வாங்கியது 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்கள். களவு போனவை வேறு நாணயங்கள். ஆனாலும் இவர் கணக்கும் முடங்கியது. நட்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம். 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார்: கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, ஒருவர் அதை உடைமையாக அனுபவிக்கலாம், பிறர் அதை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும். நியூசிலாந்தின் கிரிப்டோப்பியா எக்ஸ்சேஞ்ச் வழக்கில் 2020இல் வந்த தீர்ப்பையும் அவர் துணைக்கு அழைத்தார். நீதிமன்றம் அந்தப் பெண்ணைச் சொத்து பறிபோன உரிமையாளராகப் பார்த்தது. ஊர் அவரைப் பேராசைக்காரி என்றிருக்கும்.

இது புதிய கதையும் அல்ல. 2014 பிப்ரவரியில் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்தபோது 8,50,000 பிட்காயின் காணோம் என்றார்கள். பிறகு அதில் 2,00,000 கிடைத்தது. வாடிக்கையாளர்களுக்கு நாணயங்கள் திரும்ப வரத் தொடங்கியது 2024இல். டெல்லியின் காயின்செக்யூர் 2018 ஏப்ரலில் 438 பிட்காயினை இழந்தது. கனடாவின் குவாட்ரிகா எக்ஸ்சேஞ்சை நடத்திய இளைஞர் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தார். சாவி அவரிடம் மட்டுமே இருந்ததாகச் சொல்லப்பட்டது. பிறகு கனடா அதிகாரிகள் கணக்கைத் தோண்டியபோது, வாடிக்கையாளர் பணத்தை வைத்து அவரே சூதாடியிருந்தது வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 76,000 பேருக்கு மேல்.

இத்தனை நிகழ்வுகளிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: சாவி அடுத்தவன் கையில் இருந்தது. வாங்கியவர்களின் குணம் இங்கே காரணமே இல்லை.

நம் வட்டாரத்தில் இதைப் புரியவைப்பது கடினமே அல்ல. போடியில் ஏலக் கம்பெனியிடம் ஏலக்காயைக் கொடுத்துவிட்டு வந்தால் நம் கையில் இருப்பது ரசீது; மூட்டை அவர்களுடைய குடோனில் இருக்கிறது. விலை ஏறுவது இறங்குவது வேறு கவலை, கம்பெனி ஒழுங்காக இருப்பது வேறு கவலை. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதையும், இரண்டே ஆண்டில் ஆயிரத்துப் பக்கம் வந்து விழுந்ததையும் பார்த்த ஜனங்கள் நாம். விலை ஏற்ற இறக்கத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் தெரிகிற எண்ணும் அந்த ரசீதைப் போன்றதுதான் என்பதைத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டியவர்கள் ஒழுக்கம் போதித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பழமொழி செய்யும் கேடு இதோடு நிற்கவில்லை. பணம் போனவரை வெட்கப்பட வைக்கிறது. ஊர் சிரிக்கும், வீட்டில் திட்டு விழும் என்று ஒருவர் நாலு நாள் வாயைத் திறக்காமல் இருக்கிறார். சைபர் மோசடியில் அந்த நாலு நாள்தான் உயிர்நாடி. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தகவல் போனால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் வங்கிகளில் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. அது நாணயமாக மாறி வெளியே போய்விட்டால் திருப்பிக் கொண்டுவருவது மிகக் கடினம். வெட்கத்தை வளர்க்கிற ஊர், திருடனுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது.

"அறிவுரை சொன்னால் ஊக்குவித்ததாக ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அனுபவம் வேறு மாதிரி. 2018 ஏப்ரல் 6 அன்று, கிரிப்டோ தொடர்பான யாருக்கும் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. ஜனங்கள் விட்டுவிட்டார்களா? முகம் தெரியாத இருவர் தங்களுக்குள் நேரடியாகப் பணம் அனுப்பிக்கொள்ளும் பி2பி முறைக்குப் போனார்கள். அந்தச் சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. 2022இல் கடும் வரி வந்ததும் பலர் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்குத் தாவினார்கள். 2023 டிசம்பரில் அப்படிப்பட்ட ஒன்பது நிறுவனங்களுக்கு மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவு நோட்டீஸ் விட வேண்டியிருந்தது. 'போகாதே' என்ற ஒற்றைச் சொல் ஆட்களை நிறுத்தவில்லை. வெளிச்சம் குறைந்த சந்துக்குத் தள்ளியது. நம் பையன்கள் இன்று விஷயம் கற்றுக்கொள்வது டெலிகிராம் குழுக்களில். பெரியவர்கள் விட்ட இடத்தை மோசடிக்காரன் பிடித்துக்கொண்டான்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தப்பான நம்பிக்கையும் ஓடுகிறது: அரசே வரி வாங்குகிறது, பதிவும் செய்திருக்கிறது, அப்புறம் என்ன பயம்? வரி வாங்குவது ஒப்புதல் முத்திரை ஆகாது. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு என்பது சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்காக 2023 மார்ச்சில் வந்த கட்டாயம். பெட்டகம் உறுதியானதா என்று அந்தப் பிரிவு சோதித்துச் சான்று தருவதில்லை. வங்கி கவிழ்ந்தால் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. உங்கள் தவறு இல்லாமல் வங்கிக் கணக்கில் திருட்டு நடந்து மூன்று வேலை நாளில் புகார் கொடுத்தால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. இந்த இரண்டு பாதுகாப்பும் கிரிப்டோவுக்குக் கிடையாது. ரிசர்வ் வங்கி 2022 டிசம்பரில் பொதுமக்களுக்குச் சோதனை ஓட்டமாக விட்ட டிஜிட்டல் ரூபாய் முற்றிலும் வேறு சங்கதி. அது நம் ரூபாயே. "அரசாங்கமே டிஜிட்டல் கரன்சி விட்டுவிட்டது" என்று சொல்லி எவனாவது வேறொரு நாணயத்தை விற்க வந்தால், இரண்டையும் குழப்பி ஏமாற்றப் பார்க்கிறான் என்று அர்த்தம்.

அப்படியென்றால் புதிதாக இறங்குகிறவர்களிடம் என்னதான் சொல்ல வேண்டும்? திட்டுவதை விட்டுவிட்டு இவற்றைச் சொல்லுங்கள்.

முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்கிற தொகையை மட்டும் போடு. நகையை அடகு வைத்த பணம், சீட்டு எடுத்த பணம், வட்டிக்கு வாங்கிய பணம், பிள்ளைகளின் ஃபீஸ் இவற்றில் ஒரு ரூபாயும் அங்கே போகக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை.

பணம் போட்ட முதல் வாரமே அதில் ஒரு சிறு பகுதியை விற்று உன் வங்கிக் கணக்குக்குத் திரும்ப எடுத்துப் பார். போலி ஆப்களில் லாபம் திரையில் ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டு", "கணக்கைத் திறக்க டெபாசிட் கட்டு" என்பான். முறையான எக்ஸ்சேஞ்ச் விற்ற தொகையிலிருந்து வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும். உன் பணத்தை எடுக்க மேலும் பணம் கேட்காது. இந்த ஒரு சோதனையை ஆயிரம் ரூபாயில் செய்து பார்த்திருந்தால் லட்சங்களில் ஏமாறாமல் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள்.

எக்ஸ்சேஞ்ச் என்பது வாங்கவும் விற்கவும் உள்ள இடம். ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய தொகையை அங்கே விடாதே. சொந்த வாலட் தொடங்கும்போது அது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை வரிசையாகக் காட்டும். அந்தச் சொற்கள்தான் சாவி. நாணயம் போனுக்குள் இல்லை. போன் உடைந்தால் இன்னொரு போனில் அந்தச் சொற்களைப் போட்டுத் திறந்துகொள்ளலாம். சொற்களை வேறொருவன் பார்த்துவிட்டால் அவனும் திறந்துகொள்வான். ஆகவே ஸ்கிரீன்ஷாட் எடுக்காதே, வாட்ஸ்அப்பில் உனக்கே அனுப்பி வைக்காதே, மெயிலில் போடாதே. காகிதத்தில் தெளிவாக எழுது, எண் போட்டு எழுது, இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வை. எழுதி முடித்ததும், பணம் போடுவதற்கு முன்பே, வாலட்டை அழித்துவிட்டு அந்தக் காகிதத்தைப் பார்த்து மறுபடி திறந்து பார். ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். "கஸ்டமர் கேரிலிருந்து பேசுகிறோம்" என்று அந்தச் சொற்களைக் கேட்பவன் திருடன். ஒருவனும் விலக்கல்ல. காகிதமும் தொலைந்தால் உதவ உலகில் ஒரு அலுவலகமும் இல்லை. அந்தப் பொறுப்பைத் தாங்க முடியாது என்றால் பெரிய தொகையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

அனுப்பும் இடத்தில் நிதானம் வேண்டும். யுஎஸ்டிடி என்ற ஒரே நாணயம் எத்தீரியம், ட்ரான் எனப் பல வலைப்பின்னல்களில் ஓடுகிறது. அனுப்புகிற பக்கமும் வாங்குகிற பக்கமும் ஒரே வலைப்பின்னலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மாறிப் போனால் பணம் சிக்கிக்கொள்ளும். முகவரியைக் கையால் அடிக்காதே, நகல் எடுத்து ஒட்டு. ஒட்டிய பிறகு முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து மட்டும் பார்த்துவிட்டு விடாதே, நடுவிலும் பார். முதலும் முடிவும் ஒரே மாதிரி இருக்கும் போலி முகவரியிலிருந்து சில்லறைத் தொகை அனுப்பி, உன் பழைய பரிமாற்றப் பட்டியலில் அதை நுழைத்துவைப்பது இப்போது நடக்கிற தந்திரம். முதலில் சிறு தொகை அனுப்பு. போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மீதியை அனுப்பு. யுபிஐயில் தவறாகப் போனால் வங்கியில் முறையிடலாம். இங்கே முறையிட ஆள் இல்லை.

பி2பி முறையில் விற்பதைத் தவிர்த்துவிடு. உனக்கு வருகிற ரூபாய், வேறு மாநிலத்தில் யாரோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணமாக இருக்கலாம். அவர் அங்கே புகார் கொடுக்க, காவல்துறை பணத்தின் தடத்தைப் பிடித்து வந்து தேவதானப்பட்டியில் இருக்கும் உன் கணக்கை முடக்கும். சம்பளம் வருவதும் அதே கணக்கு என்றால் குடும்பமே நின்றுபோகும். அதைவிட மோசம், கமிஷனுக்கு வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவது. கல்லூரிப் பிள்ளைகளைக் குறிவைத்து நடக்கும் வேலை இது. ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடுத்தால் மாதம் ஒரு தொகை என்பார்கள். வழக்கு வரும்போது பெயர் இருப்பது பிள்ளையின் பெயர்தான்.

வரிக் கணக்கை முதல் நாளே தெரிந்துகொள். 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதன்மேல் 4 சதவீதம் செஸ். அதே ஆண்டு ஜூலை முதல் ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் டிடிஎஸ். பலருக்கு அடிவயிற்றைக் கலக்குவது அடுத்த விதி: ஒரு நாணயத்தின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. பிட்காயினில் 50,000 லாபம், ஈதரில் 50,000 நட்டம் என்றால் உன் கையில் வந்தது பூஜ்யம். கட்ட வேண்டிய வரி 15,600 ரூபாய். நாணயத்துக்கு நாணயம் மாற்றினாலும் அது விற்பனைதான். கணக்கை எழுதி வைக்காதவனுக்கு மார்ச் மாதம் விடியாது.

வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். வங்கிக் கணக்குக்கு நாமினி உண்டு. சொந்த வாலட்டுக்கு இல்லை. கேரளத் தோட்டத்துக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போயிருக்கும் ஆளுக்கு ஏதாவது ஆனால், சொற்கள் எழுதிய காகிதம் எங்கே இருக்கிறது, அது எதற்கு என்று மனைவிக்கோ பெற்றோருக்கோ தெரியாவிட்டால் அந்தப் பணம் அவரோடு போய்விடும்.

கடைசியாக, பணம் போன பிறகு வரும் இரண்டாவது திருடன். "இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம்" என்று முன்பணம் கேட்பவன், முதல் திருடனின் கூட்டாளியாகவே இருக்கலாம். மீட்கும் வேலையைக் காவல்துறையும் நீதிமன்றமும் செய்யட்டும்.

இவற்றில் ஒன்றுகூட ஊக்குவிப்பு இல்லை. இதைப் படித்துவிட்டு ஒருவர் "இவ்வளவு பாடா, எனக்கு வேண்டாம்" என்று விலகினால் அது தெரிந்து எடுத்த முடிவு. பயமுறுத்தி எடுக்கவைத்ததைவிட அது நிலைக்கும். தெரிந்தே இறங்குகிறவர் தன் சாவியைத் தானே காப்பார்.

பெரியகுளம், தேனி, போடி, கம்பம் வட்டாரத்தில் இருக்கும் வங்கி மேலாளர்கள், கல்லூரி ஆசிரியர்கள், காவல்துறையினர் எல்லோருக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேராசையைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் பாதியைச் சாவிக்கும் சோதனைப் பரிமாற்றத்துக்கும் வரிக் கணக்குக்கும் கொடுங்கள். மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில் மாசித் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வருகிறது. அங்கே ஒரு பக்கத் துண்டுச் சீட்டைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் போதும். பணத்தை இழந்து நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் குற்றவாளி இல்லை. தலை குனிந்து உட்காராதீர்கள், உடனே 1930க்கு போன் செய்யுங்கள்.